லினக்ஸைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றப் போகிறீர்களா? கைகொடுக்கும் 34 குறிப்புகள்

நன்றாக உழைத்த லேப்டாப் திடீரென்று ஆமை வேகத்துக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகிறது. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் இப்படிக் காத்திருந்தே ஆக வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது என்பதால் அந்தக் காத்திருப்பு மறைந்துவிடுகிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

எஸ்எஸ்டி வாங்கியதும் பலர் முதல் வேலையாக எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. லினக்ஸ் என்பது டிஸ்கில் இருக்கும் ஃபைல்களின் தொகுப்பு. அவற்றை உரிமை, அனுமதி மாறாமல் நகலெடுங்கள். பழைய டிஸ்கின் அடையாளம் பதிந்திருக்கும் மூன்று இடங்களை, அதாவது எஃப்எஸ்டேப், கிரப், இனிட்ராம்எஃப்எஸ் ஆகியவற்றைத் திருத்துங்கள். தமிழ் கீபோர்டு, பிரின்டர், வைஃபை பாஸ்வேர்டு, பிரவுசர் புக்மார்க் எல்லாம் இருந்தபடியே இருக்கும். இந்த முறையில் பழைய டிஸ்கிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறோம். அதனால் எந்தக் கட்டத்தில் தடங்கல் வந்தாலும் பழையபடி திரும்பிவிடலாம்.

கீழே உள்ளவை டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்துக்கும் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனுக்கும் பொருந்தும். ஃபெடோராவில் மாறுபடுவதைத் தனிக் குறிப்பாகத் தந்திருக்கிறோம்.

வாங்கும் முன்

1. லேப்டாப்பில் எந்த வகை இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய மாடல்களில் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். புதியவற்றில் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட எம்.2 வகை பொருந்தும். எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப் மாடல் எண்ணை வைத்து மேனுவலில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

2. சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை படிக்கும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 எம்பி வரை போகும். ஆனால் ஹார்டு டிஸ்கிலிருந்து வருபவருக்கு சாட்டாவிலேயே பெரிய வித்தியாசம் தெரியும். பல பழைய மதர்போர்டுகளுக்கு என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆகவே தெரியாது. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு சாட்டாவே சரியான தேர்வு.

3. அளவில் கவனம் தேவை. 500 ஜிபி ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால், டிஸ்கை முழுசாக குளோன் செய்யும் முறைகள் மறுத்துவிடும். முதலாவது கம்ப்யூட்டர் கணக்கில் 465 ஜிபி, இரண்டாவது 447 ஜிபி. ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் முறைக்கு இந்தத் தடை இல்லை. உண்மையில் நிரம்பியிருக்கும் அளவைவிட இடம் கூடுதலாக இருந்தால் போதும்.

4. இரண்டு டிஸ்கையும் ஒரே நேரத்தில் இணைக்க ஒரு வழி வேண்டும். சாட்டாவுக்கு யுஎஸ்பி 3.0 அடாப்டர் கேபிள் போதும். என்விஎம்இ-க்கு அதற்கென்றே உள்ள யுஎஸ்பி பெட்டி வாங்க வேண்டும். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால், அந்த இடத்தில் பொருத்தும் கேடி கிடைக்கும். மாற்றி முடித்த பிறகு பழைய ஹார்டு டிஸ்கை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். கேடியில் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு தடிமன் உண்டு. அளந்து வாங்குங்கள்.

5. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டிஸ்க்ஸ்’ என்ற ஆப்பில் ஸ்மார்ட் விவரம் தெரியும். டெர்மினலில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கமாண்ட் அதையே காட்டும். 5-ஆம் எண் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்கிறது. 197-ஆம் எண் படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்களைச் சொல்கிறது. 197-க்கு நேரே பூஜ்யத்தைவிடப் பெரிய எண் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்த டிஸ்கை ரிப்பேர் செய்யும் கமாண்ட் எதையும் ஓட்டாமல், ‘டிடிரெஸ்க்யூ’ மூலம் முதலில் ஒரு நகல் எடுங்கள். படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் காப்பாற்றும். விட்ட இடத்தை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டு, பிறகு கெட்ட பகுதிகளுக்குத் திரும்பி வரும்.

வேலையைத் தொடங்கும் முன்

6. டிஸ்க் மாற்றுவது வேறு, பேக்கப் வேறு. குடும்பப் புகைப்படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், வரவு செலவுக் கணக்கு போன்றவற்றை இந்த வேலையில் சம்பந்தப்படாத மூன்றாவது டிஸ்கில் முதலில் போட்டு வையுங்கள். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். பிரவுசர் தகவல்களும் எஸ்எஸ்எச் சாவிகளும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. நீங்களாக இன்ஸ்டால் செய்த புரோகிராம்களின் பட்டியலை ‘ஏபிடி-மார்க் ஷோமேனுவல்’ கமாண்ட் தரும். அதை ஒரு ஃபைலாகச் சேமித்து பேக்கப்போடு வையுங்கள். என்றாவது புதிதாகவே இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் இந்த ஒரு ஃபைல் பெரிய உதவி.

8. குப்பையைப் புது டிஸ்குக்குக் கொண்டுபோக வேண்டாம். ‘ஏபிடி கிளீன்’ இறக்கி வைத்த பேக்கேஜ் ஃபைல்களை நீக்கும். ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ தேவையற்ற பழைய கெர்னல்களை எடுத்துவிடும். டிரேஷைக் காலி செய்யுங்கள். இடத்தை அடைத்திருப்பது எது என்று தெரியாவிட்டால் ‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ படமாகவே காட்டும்.

9. மின்ட் பயன்படுத்துபவர்கள் டைம்ஷிஃப்டை மறக்கக் கூடாது. அது எடுக்கும் ஸ்னாப்ஷாட்களில் மாறாத ஃபைல்கள் ஹார்டு லிங்க்காக இருக்கும். பத்து ஸ்னாப்ஷாட் இருந்தாலும் அந்த ஃபைல் டிஸ்கில் ஒரே முறைதான் இருக்கும். ஹார்டு லிங்க்கைக் கவனிக்காமல் நகலெடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைலாகிப் புது டிஸ்க் நிரம்பி வழியும். பழைய ஸ்னாப்ஷாட்களை முன்பே நீக்கிவிடுவது நல்லது.

10. கம்ப்யூட்டர் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறதா, பழைய பயாஸ் முறையிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிஸ் ஃபோல்டருக்குள் ஃபெர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யுஇஎஃப்ஐ. லைவ் பென்டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் கிரப் இன்ஸ்டால் ஆகாமல் நிற்கும்.

11. பயாஸ் செட்டிங்கில் சேமிப்பு முறை ‘ரெய்ட்’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருந்தால் புது என்விஎம்இ லினக்ஸின் கண்ணில் படாமல் போகலாம். ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றினால் தெரியும். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். விண்டோஸை அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் அது பூட் ஆகாது.

12. ஒரே டிஸ்கில் விண்டோஸும் இருந்து இரண்டையும் மாற்ற வேண்டுமானால், விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிட்டு முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நிலையில் ஃபைல் நகலைவிட டிஸ்க் குளோனே எளிது.

13. டிஸ்க் லக்ஸ் முறையில் என்கிரிப்ட் ஆகியிருந்தால், ‘கிரிப்ட்செட்அப்’ கொண்டு அதன் ஹெடரைத் தனியாக பேக்கப் எடுங்கள். ஹெடர் கெட்டால் பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் தகவலை மீட்க முடியாது. புது டிஸ்கிலும் என்கிரிப்ஷன் வைப்பதானால், எஃப்எஸ்டேபோடு சேர்த்து ‘கிரிப்ட்டேப்’ ஃபைலையும் திருத்த வேண்டும்.

எந்த வழி உங்களுக்கு?

14. ‘டிடி’ என்ற கமாண்ட் டிஸ்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அப்படியே நகலெடுக்கும். காலி இடத்தையும் சேர்த்தே எடுக்கும் என்பதால் நேரம் பிடிக்கும். 500 ஜிபி டிஸ்கை செகண்டுக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 83 நிமிடம். அதில் ‘ஐஎஃப்’ என்பது எங்கிருந்து, ‘ஓஎஃப்’ என்பது எதன்மேல். இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் தகவல் மேல் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

15. ‘குளோன்ஸில்லா’ தைவானின் உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவானது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகி, மெனுவிலேயே வழிகாட்டும். இஎக்ஸ்டி4, என்டிஎஃப்எஸ் போன்ற பார்ட்டிஷன்களில் நிரம்பிய பகுதியை மட்டும் எடுப்பதால் ‘டிடி’யைவிட வேகம். புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பவர்களுக்கும், டெர்மினலில் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதுவே நல்ல வழி.

16. குளோன் செய்த பிறகு இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து பூட் செய்யாதீர்கள். எது இணைகிறது என்று சொல்ல முடியாது. பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனில் இது தகவலையே கெடுக்கலாம். பெரிய டிஸ்குக்கு குளோன் செய்திருந்தால் ஜிபிடி அட்டவணையின் மாற்றுப் பிரதி டிஸ்கின் நடுவில் நின்றுவிடும். ‘ஜிபார்ட்டட்’ திறந்ததும் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். சம்மதித்துவிட்டு, பிறகு பார்ட்டிஷனைப் பெரிதாக்குங்கள்.

17. எல்விஎம் முறையில் இன்ஸ்டால் செய்திருப்பவர்கள் கம்ப்யூட்டரை நிறுத்தாமலேயே பெரும்பகுதி வேலையை முடிக்கலாம். புது டிஸ்கைத் தொகுப்பில் சேர்த்து ‘பிவிமூவ்’ கொடுத்தால், நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தகவல் இடம் மாறும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ‘ரீப்ளேஸ்’ அதைச் செய்யும். பூட் பார்ட்டிஷனை மட்டும் இரண்டிலும் தனியாக அமைக்க வேண்டும்.

18. மற்ற எல்லோருக்கும் ‘ஆர்சின்க்’. ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996-ல் வெளியிட்ட கருவி இது. ஃபைல்களை மட்டும் எடுக்கும். சிறிய டிஸ்குக்கும் போகலாம், பார்ட்டிஷன்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், நடுவில் நின்றால் மீண்டும் ஓட்டி மிச்சத்தை முடிக்கலாம். அடுத்து வரும் குறிப்புகள் இந்த முறைக்கானவை.

நகலெடுக்கும்போது

19. லைவ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஃபைல்கள் நொடிக்கு நொடி மாறும். லைவில் இருக்கும்போது பழைய டிஸ்க் அசையாமல் இருக்கும். பழைய பார்ட்டிஷனை ‘ரீட் ஒன்லி’யாக இணைத்தால் தவறுதலாக எதையும் அழிக்கவும் முடியாது. லேப்டாப்பைச் சார்ஜரோடு வைத்திருங்கள்.

20. எது எந்த டிஸ்க் என்று பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள். நேற்று ‘எஸ்டிஏ’ ஆக இருந்தது இன்று ‘எஸ்டிபி’ ஆகலாம். ‘எல்எஸ்பிஎல்கே’ கமாண்டில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சீரியல் எண்ணை டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த அடி.

21. புது டிஸ்கில் ‘ஜிபார்ட்டட்’ மூலம் ஜிபிடி அட்டவணை போடுங்கள். யுஇஎஃப்ஐ என்றால் முதலில் 512 எம்பி ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, அதற்கு ‘பூட்’, ‘இஎஸ்பி’ குறிகளை வையுங்கள். மீதியை இஎக்ஸ்டி4 ஆக்குங்கள். பழைய பயாஸ் முறையில் ஜிபிடி வைத்தால் 1 எம்பி அளவில் ‘பயாஸ் கிரப்’ குறியுள்ள சின்னப் பார்ட்டிஷன் தேவை.

22. ‘ஆர்சின்க்’ கொடுக்கும்போது ஒற்றைக் கோட்டுக்குப் பின் ஐந்து எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள்: சிறிய ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய எச், சிறிய எக்ஸ். சிறிய ஏ உரிமையாளர், அனுமதி, தேதி ஆகியவற்றைக் காக்கும். பெரிய ஏ கூடுதல் அனுமதிப் பட்டியலையும், பெரிய எக்ஸ் கூடுதல் பண்புகளையும், பெரிய எச் ஹார்டு லிங்க்குகளையும் காக்கும். சிறிய எக்ஸ் வேறு பார்ட்டிஷனுக்குள் தாண்டிப் போகாமல் தடுக்கும். அதனால் ஹோமும் இஎஸ்பியும் தனிப் பார்ட்டிஷன் என்றால் அவற்றுக்குத் தனித்தனியாக ஓட்ட வேண்டும். ஃபேட்32 ஆன இஎஸ்பிக்கு இந்தப் பண்புகள் எதுவும் இல்லை. அங்கே சாதாரண நகலே போதும்.

23. மூல ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் சாய்கோடு போடுங்கள். சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை போய்ச் சேரும். இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே புது டிஸ்குக்குள் ஒரு உள்ஃபோல்டராக உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் பூட் ஆகாது. முதலில் சிறிய என், சிறிய வி ஆகிய இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் எழுதாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும்.

24. ஸ்வாப் ஃபைலை நகலெடுக்க வேண்டாம். விலக்கிவிட்டு, புது டிஸ்கில் புதிதாக உருவாக்கி, 600 அனுமதி கொடுத்து ‘எம்கேஸ்வாப்’ ஓட்டுங்கள். ஸ்வாப் தனிப் பார்ட்டிஷனாக இருந்தாலும் இதே முறைதான்.

25. முடிந்ததும் அதே கமாண்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை நகலெடுக்க எதுவும் இல்லாமல் சீக்கிரமே முடிந்துவிட வேண்டும். முழுத் திருப்தி வேண்டுமானால் சிறிய சி, சிறிய என், சிறிய வி மூன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டு, மாறுபட்டதை மட்டும் பட்டியலிடும்.

மூன்று திருத்தங்கள்

26. முதல் திருத்தம் எஃப்எஸ்டேப். புது டிஸ்கில் எட்சி ஃபோல்டருக்குள் இருக்கும் இந்த ஃபைலில் ஒவ்வொரு வரியும் ஆறு பகுதி கொண்டது: எந்தப் பார்ட்டிஷன், எங்கே இணைய வேண்டும், என்ன வகை, விருப்பங்கள், கடைசியில் இரண்டு எண்கள். முதல் பகுதியில் ‘யுயுஐடி’ என்று தொடங்கி 32 எழுத்தும் எண்ணும் நான்கு சிறுகோடுகளோடு நீளமாக இருக்கும். ஆளுக்கு ஒரு ஆதார் எண் போல பார்ட்டிஷனுக்கு ஒரு யுயுஐடி. ‘பிஎல்கேஐடி’ கமாண்ட் புது எண்களைத் தரும். கையால் தட்டாமல் காப்பி செய்து ஒட்டுங்கள். ஃபேட்32 ஆன இஎஸ்பிக்கு மட்டும் எண் சின்னது. நான்கு எழுத்து, ஒரு கோடு, மறுபடி நான்கு எழுத்து. ஸ்வாப் வரியையும் பாருங்கள்.

27. அடுத்த இரண்டு திருத்தங்களுக்கும் ‘சிஎச்ரூட்’ மூலம் புது சிஸ்டத்துக்குள் நுழைய வேண்டும். புது ரூட் பார்ட்டிஷனை இணைத்து, அதற்குள் பூட் ஃபோல்டரில் உள்ள இஎஃப்ஐ ஃபோல்டரில் இஎஸ்பியை இணையுங்கள். பிறகு டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் ‘ஆர்பைண்ட்’ முறையில் உள்ளே கொண்டுவாருங்கள். வெறும் ‘பைண்ட்’ கொடுத்தால் சிஸ்ஸுக்குள் இருக்கும் ‘இஎஃப்ஐவார்ஸ்’ வராது. கிரப்பால் மதர்போர்டில் பதிவு செய்ய முடியாமல் போகும்.

28. இரண்டாவது திருத்தம் கிரப். யுஇஎஃப்ஐ மதர்போர்டு தன் நினைவகத்தில் ‘இந்த எண்ணுள்ள பார்ட்டிஷனில் இந்த ஃபைல்’ என்று எழுதி வைத்திருக்கிறது. அது பழைய டிஸ்கின் எண். ‘கிரப்-இன்ஸ்டால்’ புதிய பதிவு போடும். ‘அப்டேட்-கிரப்’ மெனுவைப் புது யுயுஐடியோடு எழுதும். இரண்டும் தேவை. பழைய பயாஸ் முறையில் பார்ட்டிஷன் பெயர் தராமல் முழு டிஸ்கின் பெயரைத் தர வேண்டும். சில மதர்போர்டுகள் பதிவை மதிக்காது. அவற்றுக்கு ‘ரிமூவபிள்’ என்ற விருப்பத்தோடு இன்னொரு முறை ஓட்டினால், எல்லா மதர்போர்டும் தேடும் பொது இடத்தில் கிரப் உட்காரும்.

29. மூன்றாவது இனிட்ராம்எஃப்எஸ். கெர்னல் ரூட் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கும்வரை இதன் துணையில்தான் ஓடுகிறது. எட்சியில் ‘இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்’, அதற்குள் ‘கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ‘ரெஸ்யூம்’ என்ற ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பழைய ஸ்வாப்பின் எண் இருந்தால் ஒவ்வொரு பூட்டின்போதும் இல்லாத ஸ்வாப்புக்காகக் காத்துக்கிடக்கும். புது எண்ணைப் போட்டு அல்லது ஃபைலை நீக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கமாண்டை எல்லாக் கெர்னலுக்கும் ஓட்டுங்கள்.

30. ஃபெடோராவில் இந்த வேலையை ‘டிராகட்’ செய்கிறது. அது வழக்கமாக அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே வைத்துக்கொள்வதால், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குப் போகும்போது கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். எஸ்இலினக்ஸ் குறிகள் சரியாக அமைய, ரூட்டில் ‘.ஆட்டோரீலேபிள்’ என்ற வெற்று ஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். முதல் பூட் அதனால் மெதுவாகும். பொறுத்திருங்கள்.

முதல் பூட்டும் அதன் பிறகும்

31. முதல் பூட்டுக்கு முன் பழைய டிஸ்கைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இருந்தால், கிரப் புதியதிலிருந்தும் ரூட் பழையதிலிருந்தும் வந்து எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பூட் ஆனதும் ‘ஃபைண்ட்மவுண்ட்’ கொடுத்து, ரூட்டுக்கு நேரே புது டிஸ்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரின்டர், சஸ்பெண்ட் எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள்.

32. கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறி இடமும் வலமும் ஓட, பக்கத்தில் 1 நிமிடம் 30 செகண்ட் என்று ஒரு கணக்கு ஏறிக்கொண்டே போகிறதா? பதற வேண்டாம். அந்த வரியிலேயே ஒரு யுயுஐடி தெரியும். எஃப்எஸ்டேபில் மாற்றாமல் விட்ட எண் அதுதான். 90 செகண்ட் முடிந்ததும் எமர்ஜென்சி முறைக்குப் போய்விடும். லைவ் பென்டிரைவில் பூட் செய்து அந்த ஒரு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும். எப்போதாவது மட்டும் இணைக்கும் டேட்டா டிஸ்க்குகளுக்கு விருப்பங்கள் பகுதியில் ‘நோஃபெய்ல்’ சேர்த்தால் இந்தத் தொல்லை வராது.

33. எஸ்எஸ்டி நன்றாக உழைக்க ‘எஃப்எஸ்டிரிம் டைமர்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அழித்த ஃபைல்களின் இடத்தை வாரம் ஒருமுறை டிஸ்குக்குத் தெரிவிப்பது அதன் வேலை. லக்ஸ் என்கிரிப்ஷன் இருந்தால் கிரிப்ட்டேபில் ‘டிஸ்கார்ட்’ என்றும் சேர்க்க வேண்டும். இன்னொன்று: இஎக்ஸ்டி4 ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் 5 சதவீத இடத்தை ரூட்டுக்காக ஒதுக்கி வைக்கும். 500 ஜிபியில் அது 25 ஜிபி. படம், பாட்டு மட்டும் வைத்திருக்கும் பார்ட்டிஷனில் ‘டியூன்2எஃப்எஸ்’ கொண்டு அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் இருந்தபடியே விடுங்கள்.

34. பழைய டிஸ்கை உடனே அழிக்காதீர்கள். மாத பில், ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட் என்று வழக்கமான எல்லா வேலையும் ஒரு சுற்று புது டிஸ்கில் ஓடி முடியட்டும். பிறகு ஸ்மார்ட் விவரம் நன்றாக இருந்தால் அதையே பேக்கப் டிஸ்க்காக்குங்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் தகவல் மங்க வாய்ப்பு உண்டு. அலமாரியில் வைக்க ஹார்டு டிஸ்க்தான் பொருத்தம். இன்னொரு கம்ப்யூட்டரில் அதிலிருந்தே பூட் செய்வதானால், எட்சியில் உள்ள ‘மெஷின்-ஐடி’யையும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்குங்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் ஐபி முகவரிக் குழப்பம் வரலாம். விற்பதாகவோ தானமாகக் கொடுப்பதாகவோ இருந்தால் ‘ஷ்ரெட்’ ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டுக் கொடுங்கள். எஸ்எஸ்டிக்கு ஷ்ரெட் போதாது, அதன் ‘செக்யூர் இரேஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். ஓடாத டிஸ்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். கடைசியாக, எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எண், என்னென்ன கமாண்ட் கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். அடுத்த முறை டிஸ்க் மாற்றுவது உங்கள் பிள்ளையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்களே செய்துமுடிப்பார்கள்.